குலசையில் ஃபார்மட் அடித்தல்: ஓர் ஆய்வேடு

குலசேகரன்பட்டினத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. முத்தாரம்மன் கோயில் தசராவை ஆராய்ந்தவர்கள் உண்டு. 1942இல் உப்பு இலாகா அதிகாரி லோன் கொல்லப்பட்ட வழக்கைத் துருவியவர்கள் உண்டு. 2024 பிப்ரவரி 28 அன்று ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய பிறகு, மணப்பாடு வரைக்கும் மனை விலையை ஆராய்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு குறுந்தகட்டுக்கு ஃபார்மட் அடிப்பதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இதற்கு 'ஆய்வு இடைவெளி' என்று பெயர். அப்படி ஒன்றைக் காட்டினால்தான் நெறியாளர் கையெழுத்துப் போடுவார்.

முதலில் சொல்லாராய்ச்சி, அது இல்லாமல் தமிழில் ஆய்வேடு செல்லாது. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் அடிப்பதைக் கணினித் தமிழர்கள் 'கட்டளை வரி' என்கிறார்கள். எங்கள் பக்கம் கட்டளை என்றால் திருவிழாவில் ஒரு நாள் செலவை ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்வது. வரி என்றால் கோயில் கொடைக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பது. ஆகவே நான் கட்டளை வரி, கட்டளை வரி என்று படித்துக்கொண்டிருந்ததைக் கேட்ட எதிர்வீட்டு ஆச்சி, "இந்த வருசம் எவ்வளவு கேக்காவ ராசா?" என்றதில் பிழை காண முடியாது. தகடு என்பதிலும் தகராறுதான். நமக்குக் குறுந்தகடு, இலங்கைத் தமிழருக்கு இறுவட்டு. வட்டு என்றதும் உடன்குடிப் பக்கத்தாருக்குக் கருப்பட்டிதான் நினைவுக்கு வரும். அது தற்செயல் அல்ல என்பது என் முதல் கருதுகோள்.

நிரூபணம் வருமாறு. அழித்து அழித்து எழுதக்கூடிய தகட்டின் உள்ளே ஒரு மெல்லிய உலோகக் கலவைப் படலம் இருக்கிறது. பல தகடுகளில் அது வெள்ளி, இண்டியம், ஆண்டிமனி, டெலூரியம் சேர்ந்தது. லேசர் அதை உருக்கி, சட்டென்று ஆறவிட்டால் தாறுமாறாக உறையும். அந்த இடம் மங்கும். மிதமான சூட்டில் சற்று வைத்தால் படிகமாகும். அந்த இடம் பளபளக்கும். மங்கலும் பளபளப்பும் மாறி மாறி வருவதுதான் அங்கே எழுத்து. இதே வேலையைத்தான் உடன்குடியில் பதநீரை வைத்துச் செய்கிறார்கள். காய்ச்சி, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றினால் அன்றைக்கே கருப்பட்டி. பானையில் ஊற்றி வாரக்கணக்கில் அசைக்காமல் விட்டால் பனங்கற்கண்டு. சரக்கு ஒன்றுதான், ஆறுகிற வேகம்தான் வேறு. தகட்டைச் சுமார் 1,000 முறை இப்படிச் சூடு போட்டு எழுதலாம் என்பார்கள். கருப்பட்டியை அத்தனை முறை உருக்கிப் பார்க்கும் சோதனைக்கு எங்கள் வீட்டு அடுப்படியில் அனுமதி கிடைக்கவில்லை.

இனிச் செய்முறை. 'ஃபார்மட்' என்று அடித்து, ஓர் இடம் விட்டு, தகடு இருக்கும் டிரைவின் எழுத்தையும் முக்காற்புள்ளியையும் போட வேண்டும். பிறகு ஒரு சாய்கோடு, 'எஃப்எஸ்', இன்னொரு முக்காற்புள்ளி, கோப்பு முறைமையின் பெயர். வட்டத் தகடு என்றால் 1995இல் பிறந்த யுடிஎஃப். இன்னொரு சாய்கோடு போட்டுக் 'கியூ' என்றால், சீக்கிரம் முடி என்று பொருள். உடனே விண்டோஸ், புதுத் தகட்டைச் செருகிவிட்டு என்டர் தட்டும்படி சொல்லும். தகடு உள்ளேதான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லும். ஃபிளாப்பி காலத்துப் பழக்கம். ஏற்கெனவே திண்ணையில் உட்கார்ந்திருப்பவரையும் "வாங்க, வாங்க" என்கிற நெல்லைச் சீமை மரியாதையாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

கணினிக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க் பகுதி என்றால் மரியாதை வேறு மாதிரி. அதற்கு ஏற்கெனவே பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லச் சொல்லும். அர்ச்சனைத் தட்டை வாங்கும்போது பெயர் கேட்பார்களே, அது போல. ஆனால் இங்கே பெயரைச் சரியாகச் சொன்னால் கிடைப்பது பிரசாதம் அல்ல. எல்லாம் அழிந்துபோகும் என்று எச்சரித்துவிட்டு, ஒய்யா, என்னா என்று கேட்கும். 'ஒய்' தட்டினால் சரி என்று அர்த்தம். எங்கள் ஊரில் "ஓய்" என்று ஒருவர் கூப்பிட்டால் அது காப்பிக்கா சண்டைக்கா என்பது அடுத்த வார்த்தையில்தான் தெரியும். இங்கே அடுத்த வார்த்தை கிடையாது.

களஆய்வில் நேர்ந்ததை மறைப்பது ஆய்வு நேர்மை ஆகாது. தசரா முடிந்த வாரம் ஒன்றில், ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு ஒத்தாசையாகப் போயிருந்தேன். "அண்ணாச்சி, காலி டிஸ்க் எது?" என்று கேட்டேன். "மேல இருக்குல்லா, அதான்" என்றார். எடுத்துப் போட்டு, கியூ சேர்த்து, என்டர் தட்டினேன். சில விநாடியில் முடிந்தது. அதில் இருந்தது காளி வேடம் கட்டிய ஒரு செட், ஊர் ஊராக ஆடிக் காணிக்கை பிரித்த படம். "காளி டிஸ்க்கக் கேக்கீருன்னுல்லா நெனச்சேன், வே!" என்று அண்ணாச்சி தலையில் கைவைத்தார். லகர ளகர வேறுபாடு பள்ளிக்கூடத்தோடு முடிகிற விவகாரம் என்று நினைப்பவர்கள் கவனிக்க. மீட்பு மென்பொருளைப் போட்டு அவருடைய அக்கா மகன் ராத்திரி முழுக்கத் தேடினான். காளி திரும்ப வந்தாள், தீச்சட்டி உட்பட.

எப்படி வந்தாள் என்பதற்கு விஜயதசமி நள்ளிரவில் கடற்கரையில் நிற்க வேண்டும். மகிஷாசுரன் சிங்கத் தலையோடு வருவான், விழுவான். எருமைத் தலையோடு வருவான். கூட்டத்தின் கடைசியில் நிற்பவருக்கு அவர்கள் வேறு வேறு அசுரர்கள். பக்கத்தில் நின்றால் தெரியும்: சுமந்து வருகிற உடல் ஒன்றேதான், தலையைக் கழற்றி மாட்டுகிறார்கள். கியூ செய்வதும் அதுவே. தகட்டின் தொடக்கத்திலும் 256ஆம் செக்டரிலும் இருக்கும் அடையாளங்களைப் புதிதாக எழுதி, எந்தக் கோப்பு எங்கே என்கிற பட்டியலை வெறுமையாக்கிவிட்டு, வேலை முடிந்தது என்கிறது. உடலைத் தொடுவதே இல்லை. கியூ இல்லாமல் அடித்தால்தான் சம்ஹாரம். ஹார்டு டிஸ்க்கில் அதுவும் எக்ஸ்பி வரைக்கும் பழுதான இடம் இருக்கிறதா என்று பார்த்ததோடு சரி. விஸ்டாவிலிருந்துதான் முழுவதும் சுழியம் எழுதுகிறது.

கடைசியாக ஒரு மனக்குறை. மீண்ட படத்தைப் புதுத் தகட்டில் ஏற்றி, அதற்கு ஊரின் பெயரையே சூட்ட நினைத்தோம். குலசேகரன்பட்டினம்: தமிழ் வாத்தியார் எண்ணினால் 11 எழுத்து. பழைய ஃபேட் முறைமையில் பெயருக்கு ஒதுக்கிய இடமும் 11. இந்தப் பொருத்தத்தைக் கண்டு ஒரு நிமிடம் புல்லரித்தது உண்மை. ஆனால் ஃபேட் தருவது 11 பைட். அதற்குத் தமிழும் தெரியாது. யுனிகோடோ கொம்பு, புள்ளி, மேல்விலங்கு எல்லாவற்றையும் தனி ஆளாகத் தலையெண்ணி 17 என்கிறது. என்டிஎஃப்எஸ்ஸில் 32 வரை போகலாம், கவலையில்லை. யுடிஎஃப்பில் பெயர் எழுத இரண்டு இடம் உண்டு. பெரியது 128 பைட். முழுப் பெயரும் கொள்ளும். சிறியது 32 பைட். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் கணக்குக்குப் போக மீதி 30. ஆளுக்கு 2 பைட் வீதம் 15 பேர் உட்காரலாம். 'குலசேகரன்பட்டின' என்பதோடு நின்றுவிடுகிறது. ராஜா பெயருக்குக் குறைவில்லை, பட்டினத்துக்குத்தான் வால் போயிற்று.

ராக்கெட் ஏவுவதற்கு 2,000 ஏக்கருக்கு மேல் கொடுத்த ஊர் இது. ஒரு 'ம்' வைக்க 4 பைட் கேட்கிறோம். யுடிஎஃப்பின் அடுத்த பதிப்பை எழுதுகிறவர்கள் பார்த்துச் செய்யும்படி ஊர் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.