119 பவுண்

லண்டனில் இருக்கும் என் மருமகனின் போனஸில் 119 பவுண் பிடித்துவிட்டார்கள் என்று நான் சொன்னதும், மாமி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பாமலே எழும்பிவிட்டா.

"119 பவுணா? எந்தக் கள்ளன்? பொலிசுக்குச் சொன்னானாமா?"

மாமிக்குப் பவுண் என்றால் எட்டுக் கிராம் தங்கம். இது அந்த நாட்டுக் காசு என்று விளக்கினேன். "காசுக்கு ஏன் பவுண் எண்டு பேர் வச்சிரிக்கான்?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை வட்டாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டா. ஓர் அலுவலகத்தின் கணக்குப் பகுதியில் 27 வருடம் குந்தியிருந்த எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

அந்த 119 பவுண், அக்காவின் மகனான மருமகனைவிட எனக்குத்தான் கூட வலித்தது. 2024 கார்த்திகை மழையில் மட்டக்களப்பு முழுக்க வெள்ளம் நின்றபோது எங்கள் வேலி சரிந்தது. வேலியோடு கேற்றும் படுத்தது. அன்றிலிருந்து அதைக் கம்பியால் கட்டிவைக்கிறேன். அடுத்த வளவுப் பசு அந்தக் கட்டை அவிழ்க்கும் வேகத்தில் எனக்கு அதைக் கட்ட வருவதில்லை. இதைக் கேட்டு இரங்கித்தான் மருமகன் சொல்லியிருந்தான்: "டிசம்பர்ல போனஸ் வரும் மாமா, கேற்றுக்கு 100 பவுண் போடுறன்." அன்று பின்னேரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு களுவாஞ்சிகுடிக்குப் போய், வெல்டிங் கடையில் அளவு கொடுத்துவிட்டு வந்தேன். உச்சியில் தாமரைப் பூ வைக்கவும் சொன்னேன்.

என் கேற் என்று எழுதுகிறேனே தவிர, மட்டக்களப்பு வழக்கப்படி வீடும் வளவும் பெண்சாதிக்குச் சீதனமாக வந்தவை. நான் வந்து இருப்பவன். கேற் ஒன்றையாவது என் பக்கத்து வருமானத்தில் நிறுத்திவிட்டால் மாமி முன்னால் கொஞ்சம் நிமிர்ந்து நடக்கலாம் என்பது என் கணக்கு.

மார்கழி கடைசியில் சம்பளத் துண்டைப் படம் எடுத்து அனுப்பினான். மாதச் சம்பளம் 2,100 பவுண். போனஸ் 1,500. அந்த 1,500இல் வருமான வரி 300, தேசியக் காப்புறுதி 120, படிப்புக் கடன் 119. பென்சனுக்குக் கிள்ளினது வேறு. கீழே மருமகனின் கேள்வி: "மாதா மாதம் கடனுக்கு ஒண்டுமே பிடிக்கிறல்ல. போனஸ் வந்தோடன ஏன் பாயிறான் மாமா?"

சம்பளத் துண்டு, ஓய்வூதியக் கடிதம், மின்சாரச் சிட்டை என்று எது விளங்காவிட்டாலும் எங்கள் ஊரான தேற்றாத்தீவில் என்னிடம் கொண்டு வருவார்கள். தேற்றா மரம் நின்றதால் ஊருக்கு இந்தப் பெயர் என்பார்கள். அதன் கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்தால் கலங்கல் தண்ணீர் தெளியும். கணக்கு விஷயத்தில் ஊருக்கு நான்தான் அந்தக் கொட்டை என்று எனக்கொரு நினைப்பு. கண்ணாடியைத் துடைத்து, கொப்பியை எடுத்து, சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கினேன். 25,200. போனஸோடு 26,700. இந்தக் கடனை அறவிட 2024-25 வரி ஆண்டில் வருமானம் 27,295 பவுணைத் தாண்டவேண்டும் என்று அவனே முன்பு சொல்லியிருந்தான். தாண்டவில்லை! "உங்கட கணக்குப் பகுதியில இருக்கிறவன் படிக்காதவன் மனே. விடாத" என்றேன்.

விடவில்லை. கடிதத்தை நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். தயவுடன் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன் என்று தொடங்கி, தாழ்மையுள்ள ஊழியன் என்று முடிகிற, நம் கச்சேரி இங்கிலீஷ். "இப்பிடி இஞ்ச ஒருத்தரும் எழுதமாட்டாங்க மாமா" என்றான். அதனால்தான் பயப்படுவார்கள் என்றேன்.

மறுநாளே பதில் வந்தது. மரியாதையாக, நாலு வரி. வருமான வரியை ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்துப் பிடிக்கிறோம். படிப்புக் கடனை அப்படியல்ல, அந்தந்தச் சம்பள மாதத்தை மட்டும் பார்த்துப் பிடிக்கிறோம். 27,295ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாத எல்லை 2,274. மற்ற மாதங்களில் சம்பளம் 2,100தான், எல்லைக்குக் கீழே, ஒன்றும் இல்லை. டிசம்பரில் போனஸோடு 3,600. எல்லைக்கு மேலே நிற்பது 1,325 சொச்சம், அதில் நூற்றுக்கு ஒன்பது. 119 சரிதான், சில்லறையைக்கூட விட்டுக்கொடுத்திருக்கிறோம். ஆண்டு மொத்தம் எல்லையைத் தாண்டாவிட்டால், ஏப்ரல் 5இல் வரி ஆண்டு முடிந்தபின் கடன் கொடுத்த இடத்தில் கேட்டால் திருப்பித் தருவார்கள்.

படிக்காதவன் யார் என்பது தெளிந்துவிட்டது.

எனக்கு இது விளங்காததற்கு ஒரு சாட்டு உண்டு. படிப்பதற்குக் கடன் வாங்கிய அனுபவம் எனக்கு இல்லை. 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியில் அரிவரி தொடக்கம் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகம் வரை ஒரு சதம் கட்டாமல் போனவன். மேலதிகமாக மகாபொல காசு வேறு, திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாதது. இங்கிலாந்தில் அவன் படித்த காலத்தில் ஆண்டுக் கட்டணமே 9,000 பவுணுக்கு மேல். போனஸும் நான் கண்டதில்லை. கந்தோரில் நாங்கள் கண்டதெல்லாம் சித்திரை வருடப் பிறப்புக்குத் தந்த பண்டிகை முற்பணம், அப்போது 10,000 ரூபாய். சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கழித்து முடிக்கும் நேரத்தில் அடுத்த சித்திரை வந்துவிடும். நம்முடைய காசையே நமக்குக் கடனாகத் தந்து, அதற்குக் கைலாகும் கொடுத்து அனுப்புவார்கள். போனஸ் எடுக்கும் வங்கிக்காரரை அந்த நாட்களில் சந்தியில் கண்டால் நான் மற்றப் பக்கம் பார்ப்பேன்.

ஏப்ரல் 5 கழிந்தது. காசைத் திருப்பிக் கேட்பதா விடுவதா என்று மருமகனுக்கு யோசனை. விட்டால் கடனில் அவ்வளவு குறையுமே என்றான். இங்கேதான் நான் மறுபடி நிபுணன் ஆனேன். அவனுடைய வகைக் கடன், கட்டத் தொடங்கவேண்டிய நாளிலிருந்து 30 வருடத்தில் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் தள்ளுபடி. தள்ளுபடியாகப் போகிற மலையில் ஒரு கல்லைக் குறைத்து என்ன லாபம், கேட்டு எடு என்றேன். புத்திமதி பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைச் சொல்லும்போது என் கண் முன்னால் நின்றது அவனுடைய எதிர்காலம் அல்ல, தாமரைப் பூ.

கேட்டான். வைகாசியில் காசு அவன் கணக்குக்குத் திரும்பி வந்தது. அன்று இரவு வீடியோவில் வந்து, "மாமா, கேற்றுக்குப் போடட்டா?" என்றான். தொண்டையைச் செருமி, வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அவன் வற்புறுத்த, பிறகு சம்மதிப்பதாக ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். பெண்சாதி போனைக் கையிலிருந்து வாங்கிவிட்டா.

"வேணாம் மனே. கடன் இரிக்கிற புள்ள நீ. வச்சுக்க. எங்கட கேற்ற நாங்க பாப்பம்."

அவன் வற்புறுத்தவில்லை. லண்டன் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"பவுண் கிடைச்சிற்றாமா?" என்று உள்ளேயிருந்து மாமி கேட்டா. கிடைத்துவிட்டது என்றேன். "அப்ப பேத்திக்கு ரெண்டு பவுண்ல ஒரு சங்கிலி அடிக்கச் சொல்லுங்க. மிச்சம் 117 இரிக்கே."

வெளியே கம்பி அவிழும் சத்தம் கேட்டது.