வசந்தகால நிற்றலியல்: ஹைதராபாத்தை முன்வைத்து

ஹைதராபாத்தில் வசந்தகாலத்தில் செய்யத்தக்கவை எவை என்று கேட்டால் சுற்றுலாக் கையேடுகள் பத்துப் பன்னிரண்டு சொல்லும். கூர்ந்து பார்த்தால் அவையெல்லாம் ஒரே செயலின் வகைகள்தாம். அச்செயல் நிற்றல். தேநீருக்கு நிற்பது, ஹலீமுக்கு நிற்பது, கோட்டையில் கைதட்டிவிட்டு நிற்பது, மாம்பழத்தை முகர்ந்துகொண்டு நிற்பது என்று அது விரியும். போக்குவரத்து நெரிசலில் நிற்பது இதில் சேராது. அது எல்லாப் பருவத்துக்கும் பொது, அதை விரும்பிச் செய்வாரும் இல்லை. ஒரு பயன் கருதி, மனமொப்பி, வெயில் தணிந்த வேளையில், இரு காலில் ஓரிடத்தில் நிலைகொள்வதே இங்கு நிற்றல் எனப்படும்.

முதலில் காலம். இந்திய வானிலைத் துறை ஆண்டை நான்காகப் பிரிக்கிறது: ஜனவரி, பிப்ரவரி குளிர்காலம், மார்ச் முதல் மே வரை கோடை, பிறகு தென்மேற்குப் பருவமழை, கடைசியில் மழைக்குப் பிந்திய காலம். வசந்தத்துக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. பஞ்சாங்கம் சைத்ரத்தையும் வைசாகத்தையும் வசந்தம் என்கிறது; அதற்குள் நகரத்தில் வெயில் 40 டிகிரியை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே நகரவாசிகள் தாங்களே ஒரு தீர்வு கண்டிருக்கிறார்கள். தக்காணப் பீடபூமியில், கடல்மட்டத்துக்கு மேல் 500 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் ஊர் இருப்பதால், மார்ச்சில் பகல் வெப்பம் 35ஐத் தாண்டினாலும் பொழுது சாய்ந்ததும் காற்று குளிர்ந்துவிடும். ஆகவே இங்கு வசந்தம் மாதக்கணக்கில் வருவதில்லை. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தினமும் மாலை ஐந்தரைக்கு வந்து, மறுநாள் காலை ஒன்பதுக்குள் விடைபெறுகிறது. நிற்றல் முழுவதும் இந்த இடைவேளையில்தான் நிகழும்.

இப்பருவத்துக்கான பயிற்சி நுமாயிஷில் தொடங்குகிறது. உஸ்மானியா பல்கலைக்கழகப் பட்டதாரிகள் 1938இல் பொதுத்தோட்டத்தில் தொடங்கிய இந்தப் பொருட்காட்சி பின்னர் நாம்பள்ளி மைதானத்துக்கு இடம் மாறியது. ஜனவரி 1 முதல் பிப்ரவரி 15 வரை 46 நாள் நடப்பது மரபு. காஷ்மீர் சால்வை, லக்னோ சிக்கன் துணி, ஊறுகாய், ராட்டினம் எல்லாம் உண்டு. நிற்றலியல் நோக்கில் இங்கு முக்கியமானவர் குடும்பத் தலைவர். கடை கடையாக ஏறி இறங்குவது மற்றவர் வேலை. வாசலில் பை தாங்கி நிற்பது அவர் வேலை. பைகளின் எண்ணிக்கை கூடக்கூட அவருடைய நிலை உறுதிப்படுகிறது. பிப்ரவரி நடுவில் பொருட்காட்சி முடியும்போது அவர் வசந்தத்துக்கு முழுத் தகுதி பெற்றிருப்பார்.

தினசரி நிற்றலுக்குத் தலைசிறந்த காட்டு இரானி தேநீர். டிகாக்‌ஷனை மூடிய பாத்திரத்தில் சிறுதீயில் நெடுநேரம் வைத்திருப்பார்கள். பாலைத் தனியே சுண்டக் காய்ச்சுவார்கள். இரண்டும் கோப்பையில்தான் சந்திக்கும். பழைய இரானி ஓட்டல்களில் பளிங்குப் பலகை போட்ட மேசையும் நாற்காலியும் உண்டு. அங்கு உட்காரலாம். ஆயினும் துறையின் முதன்மைக் களம் சார்மினாருக்கு அருகிலுள்ள நிம்ரா கஃபே போன்ற இடங்கள்தாம். 1591இல் முகம்மது குலி குதுப் ஷா கட்டிய நான்கு மினார்களைப் பார்த்தபடி ஒரு கையில் கோப்பை, மறு கையில் உஸ்மானியா பிஸ்கட் என்று நிற்கவேண்டும். பிரச்சினை இங்கேதான் எழுகிறது. படம் எடுக்க மூன்றாவது கை தேவை. இதற்கு நடைமுறையில் கண்டறியப்பட்ட விடை, நிறுத்தியிருக்கும் யாரோ ஒருவருடைய ஸ்கூட்டர் இருக்கை. கோப்பை அதன்மேல் ஏறும். வண்டிக்குச் சொந்தக்காரர் சாவியோடு வந்தால் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை, அவரும் எதிர்பார்ப்பதில்லை. கோப்பை அடுத்த வண்டிக்கு இடம்பெயரும், அவ்வளவுதான்.

பிஸ்கட்டை நனைப்பதா கூடாதா என்பதில் வடகலை, தென்கலை போல இரு மரபுகள் உள்ளன. நனைக்காதவர்களின் வாதம், அதிலுள்ள உப்பும் இனிப்பும் தேநீரில் கரைந்து போகும் என்பது. நனைப்பவர்களின் வாதம், பின் எதற்குத் தேநீர் என்பது. உஸ்மானியா பிஸ்கட் மிக மென்மையானது. கணக்குத் தப்பினால் பாதி கோப்பையின் அடியில் போய்ச் சேரும். அதை விரலால் எடுப்பவரைப் பார்த்து இரு மரபினரும் சேர்ந்து முகம் சுளிப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் சமரசம் நிலவுகிறது.

ஹோலியில் நிற்றல் இல்லை, ஓடுதல்தான் உண்டு. எனவே அதை விரைவில் கடக்கலாம். பால்குனப் பௌர்ணமியை ஒட்டித் தெலங்கானாவின் காட்டுப் பக்கம் புரசு செந்நிறமாகப் பூக்கும். அப்பூவை ஊறவைத்தோ கொதிக்கவைத்தோ சாயம் எடுக்கும் வழக்கம் கிராமங்களில் உண்டு. நகரத்தில் பொடி பாக்கெட்டில் வருகிறது.

ஹலீம் சற்று விரிவாகப் பேசவேண்டியது. ஆட்டிறைச்சி, உடைத்த கோதுமை, பருப்பு, நெய், மசாலா எல்லாவற்றையும் செங்கல் அடுப்பில் பதித்த அண்டாவில் விறகுத் தீயில் மணிக்கணக்கில் வேகவைத்து, மரத்துடுப்பால் இடித்து இடித்து, எது கறி எது கோதுமை என்று தெரியாத நிலைக்குக் கொண்டுவருவார்கள். மேலே வறுத்த வெங்காயம், கொத்தமல்லி, ஓர் எலுமிச்சைத் துண்டு. 2010இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ரம்ஜான் நோன்பு திறந்தபின் கடைமுன் கூடும் கூட்டத்தில் நோன்பிருந்தவர், இராதவர் என்ற பேதம் இல்லை. சைவர்கள்கூட நண்பருக்குத் துணையாக நிற்பதுண்டு. இது ‘உடன்நிற்றல்’ என்னும் தனிவகை.

ஆனால் இந்த வகைக்கு வானியல் சார்ந்த ஒரு சிக்கல் உண்டு. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. 2021இல் ஏப்ரல் நடுவில் தொடங்கிய ரம்ஜான், 2024இல் மார்ச் 12க்கும் 2025இல் மார்ச் 2க்கும் நகர்ந்தது. 2028இல் ஜனவரி இறுதியிலேயே தொடங்கிவிடும். அதாவது ஹலீம் கண்ணெதிரே வசந்தத்தைவிட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறது. முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 33 ஆண்டு ஆகும் என்பதால், அது மறுபடி ஏப்ரல் வழியாக வசந்தத்துக்குள் நுழைவதைக் காண விரும்புவோர் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை உடம்பைப் பேணிக்கொள்ளவேண்டும். தினமும் ஹலீம் சாப்பிட்டால் அது இயலுமா என்பது மருத்துவத் துறையின் கேள்வி.

உகாதியன்று நிற்றல் காலையிலேயே நிகழ்கிறது. வேப்பம்பூ, வெல்லம், புளி, மாங்காய், உப்பு, காரம் சேர்ந்த பச்சடியை உள்ளங்கையில் வாங்கி நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வர். முதலில் வெல்லம் அகப்பட்டவர் சிரிக்கிறார், வேப்பம்பூ அகப்பட்டவர் தத்துவம் பேசுகிறார். தொடர்ந்து பஞ்சாங்க சிரவணம். ஒவ்வொரு ராசிக்கும் வரவு இத்தனை, செலவு இத்தனை, மரியாதை இத்தனை, அவமானம் இத்தனை என்று எண்களாக வாசிப்பார்கள். வரவு 2, செலவு 14 என்று வரும்போது அது ரூபாயா லட்சமா என்று கேட்பதில்லை. இந்தப் புள்ளிவிவரத்துக்கு அலகு கிடையாது. விகிதம் மட்டும் எல்லாருக்கும் தெரிந்ததாகவே இருக்கிறது. மாநில அரசும் இதை விழாவாக நடத்துகிறது. கட்சி அலுவலகங்களிலும் தனித்தனியே வாசிப்பு உண்டு; ஒரே வானத்துக் கிரகங்கள் எந்தக் கட்சி அலுவலகத்தில் வாசிக்கப்பட்டாலும் அந்தக் கட்சித் தலைவருக்கே அனுகூலமாக அமைவது சோதிடத்தின் நெகிழ்வைக் காட்டுகிறது.

தமிழர் பங்களிப்பையும் குறிப்பிடவேண்டும். 1806இல் ராணுவக் குடியிருப்பாக உருவான சிக்கந்தராபாத்தில் தமிழர் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்தன்று தரிசனத்துக்கு ஒருமுறையும் பிரசாதத்துக்கு ஒருமுறையும் நிற்பர். இரண்டாவதில் முண்டியடித்தல் அதிகம்.

கோல்கொண்டாவில் நிகழ்வது கைதட்டி நிற்றல். கோட்டை வாயில் மண்டபத்தின் குவிமாடத்துக்கு அடியில் தட்டினால், 120 மீட்டர் உயரக் கருங்கல் குன்றின் உச்சியிலுள்ள பாலா ஹிஸாரில் கேட்கும். பகைவர் வருகையை மேலே அறிவிப்பதற்கான ஏற்பாடு என்று வழிகாட்டிகள் விளக்குவார்கள். ஞாயிறு மாலைகளில் இது வேறுவிதமாகப் பயன்படுகிறது. மருமகனை மேலே அனுப்பிவிட்டு மாமா கீழே நின்று தட்டுகிறார். அவரோடு இன்னும் நாற்பது பேர் தட்டுகிறார்கள். மேலே நிற்பவனுக்கு எது தன் மாமாவின் கைத்தட்டல் என்று தெரிய வழியில்லை. கைபேசியில் அழைத்து, “கேட்டுதாடா?” என்கிறார் அவர். “கேட்டுது மாமா, நல்லா கேட்டுது” என்கிறான் அவன். குதுப் ஷாஹிகளின் ஒலிநுட்பம் இவ்வாறு தொலைபேசி வழியே உறுதிசெய்யப்படுகிறது.

இத்துறைக்குப் புறனடை ஒன்று உண்டு: சாலார் ஜங் அருங்காட்சியகத்தின் இசைக் கடிகாரம். 1951இல் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு மணிநேரமும் கூட்டம் கூடுகிறது. ஆனால் முன்வரிசையினர் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். கடிகாரத்துக்குள் ஒரு சிறு பொம்மைக் கொல்லன் நொடிக்கொரு தரம் சுத்தியலால் அடித்துக்கொண்டிருப்பான். மணியாகும் தறுவாயில் தாடிவைத்த குட்டி மனிதன் ஒருவன் கதவு திறந்து வந்து, உரிய தடவை மணியடித்துவிட்டு உள்ளே போய்விடுவான். பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் அலைமோதும் காரணம் வெறும் கணக்கு. காத்திருக்கும் நேரம் எந்த மணிக்கும் ஒன்றுதான்; பலனோ நண்பகலில் பன்னிரண்டு அடி, ஒரு மணிக்கு ஒரே அடி. சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தவர்கள் இந்த நஷ்டத்துக்கு ஆளாகிறார்கள். வெள்ளிக்கிழமை போகிறவர்களுக்கு அதுவும் இல்லை; அன்று விடுமுறை.

நிற்பவர்களுள் மூத்தவர் ஹுசைன் சாகர் நடுவிலுள்ள ஒற்றைக்கல் புத்தர். உயரம் 18 மீட்டர். 1990இல் உயிர்ச்சேதத்தோடு நடந்த விபத்தில் ஏரியில் மூழ்கி, மீட்கப்பட்டு, 1992இல் நிறுவப்பட்டவர். மாலையில் டேங்க் பண்ட் சாலையில் மக்காச்சோளம் தின்றபடி நிற்பவர்கள் அவரைப் பார்க்கிறார்கள். கையில் ஒன்றுமில்லாமல், எதற்கும் காத்திராமல் நிற்பவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

கடைசி வகை மாம்பழ வண்டியருகே நிற்றல். ஏப்ரலில் பேனிஷான் என்று இங்கு வழங்கும் பங்கனப்பள்ளி வரத்தொடங்கும். பின்னால் ஹிமாயத், அதாவது நம் இமாம்பசந்த். பழத்தை எடுத்து, காம்புப் பக்கம் மூக்கை வைத்து, கண்ணை மூடி, விலை கேட்டு, கண்ணைத் திறப்பது முறை. முதல் வாரங்களில் பெரும்பாலோர் முகர்ந்ததோடு சரி. விலை இறங்கி வாங்கத் தொடங்கும்போது மே வந்துவிடும், இரவிலும் அனல் வீசும், பழத்தை வீட்டில் உட்கார்ந்துதான் தின்பார்கள். தெருவில் நிற்பார் இல்லாமையால் தரவு சேகரிப்பும் அத்துடன் நின்றுபோகிறது.