ஆனந்தம், 6 ரீல்

சாப்ளினின் ‘தி கிட்’ படத்துக்கு 1921-இல் அடித்த போஸ்டரில் ஒரு வாசகம் இருக்கிறது: 6 ரீல் ஆனந்தம். மல்லிகைப் பூவை முழம் போட்டு விற்பதுபோல ஆனந்தத்தை ரீல் போட்டு விற்றிருக்கிறார்களே என்று சிரிப்புத்தான் வரும். ஆனால் சினிமா விளம்பரத்தில் இவ்வளவு யோக்கியமான வாசகம் அபூர்வம் என்பேன். ‘மாபெரும் காவியம்’ என்று போடுகிறவரை யாராலும் எதுவும் கேட்க முடியாது. காவியத்துக்கு அளவுகோல் ஏது? 6 என்று போட்டவர் அப்படித் தப்ப முடியாது. ஆபரேட்டர் அறைக்குப் போய் டப்பாக்களை எண்ணினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நீளத்தைச் சொல்லி என்ன பெருமை என்று கேட்கலாம். அன்றைக்கு அதுதான் பெருமை. ஒரு ரீல் என்பது சுமார் 1,000 அடி. காமெடிக்கு வழக்கமாக இரண்டு ரீல் ஒதுக்குவார்கள். அதற்கு மேல் சிரிக்க ஜனங்களுக்குத் தெம்பு கிடையாது என்று முதலாளிகளுக்கு எண்ணம். ‘தி கிட்’தான் சாப்ளின் இயக்கிய முதல் முழுநீளப் படம். அதை வெளியிட்ட ஃபர்ஸ்ட் நேஷனல் நிறுவனம், ஆறு ரீலை மூன்று இரண்டு-ரீல் படங்களாகக் கணக்குப் போட்டு 4,05,000 டாலரோடு முடித்துக்கொள்ளப் பார்த்ததாக சாப்ளின் தன் சுயசரிதையில் எழுதுகிறார். அவர் கேட்டதோ 15 லட்சம். ஆக, அந்த வாசகம் ஏதோ கவிஞர் மனசில் உதித்ததாகத் தெரியவில்லை. கணக்குப்பிள்ளையின் வாடைதான் அதில் அடிக்கிறது. வாங்கும்போது ரீலை எண்ணியவர்கள் விற்கும்போதும் ரீலையே எண்ணினார்கள். வியாபாரத்தில் இந்த அளவு நாணயமே பெரிது.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. படத்தில் அழுகை கொஞ்சமா நஞ்சமா? அனாதை விடுதிக்காரர்கள் சாப்ளின் வளர்க்கும் பையனைத் தூக்கி லாரியில் போடுகிறார்கள்; பையனாக நடித்த ஜாக்கி கூகன் இரண்டு கைகளையும் நீட்டிக் கதறுகிறான். இதையும் ஆனந்தக் கணக்கில் எழுதுவது அநியாயம் இல்லையா? அநியாயம்தான். படத்தின் முதல் டைட்டில் அட்டையே புன்னகையோடு ஒருவேளை ஒரு துளிக் கண்ணீரும் உண்டு என்று சொல்லிவிடுகிறது. போஸ்டர்காரர் புன்னகையை வைத்துக்கொண்டு கண்ணீரைக் கழற்றிவிட்டார். ஆனால் அவரே போட்டிருக்கும் படத்தைப் பாருங்கள். வாசற்படியில் சாப்ளினும் பையனும் ஒண்டி உட்கார்ந்திருக்கிறார்கள். பையன் தலையில் ஒரு பெரிய தொப்பி. இருவர் முகத்திலும் மருந்துக்குக்கூடச் சிரிப்பு இல்லை. போலீஸ்காரர் வருகிறாரா என்று பார்க்கிறவர்களின் பார்வை அது. பார்க்காமல் என்ன செய்வார்கள்? பையன் கல்லெறிந்து ஜன்னலை உடைக்க, பின்னாலேயே கண்ணாடிச் சட்டத்தை முதுகில் சுமந்தபடி சாப்ளின் தற்செயலாக வந்து மாட்டித் தருவதல்லவா அவர்கள் குடும்பத் தொழில்! எழுத்து மறைத்ததைப் படம் சொல்லிவிடுகிறது. படிக்கிறவர் ஏமாறலாம், பார்க்கிறவர் ஏமாற வழியில்லை.

மிச்சமிருக்கும் ஆட்சேபத்தைக் கிளப்பியவர் சாப்ளினேதான். 1971-இல் தானே இசையமைத்துப் படத்தை மறுபடி வெளியிட்டபோது சில காட்சிகளை வெட்டியெறிந்தார். அப்போது அவருக்கு வயது 82. சரிபார்க்க முடிகிற ஒரே வாக்குறுதியான அந்த 6, அன்றோடு பொய்யாகிவிட்டது. போஸ்டர்காரர் ரீல் விட்டார் என்று இதை வைத்து வழக்குப் போடலாமா? வெட்டுப்பட்டது எது என்று பார்க்கவேண்டும். பையனின் தாயாக எட்னா பர்வியன்ஸ் நடித்த சோகக் காட்சிகளில்தான் கத்தரி பெரும்பாலும் விழுந்தது. சிரிக்கவைக்கிற பகுதி அனேகமாக அப்படியே இருக்கிறது. அடிக்கு எவ்வளவு என்று பார்த்தால் இன்றைய ரசிகருக்குக் கிடைக்கும் ஆனந்தம் 1921-ஐவிடக் கூடுதல்; அதற்கு யாரும் தனியாகக் காசு கேட்கவும் இல்லை.