சீட்டை ஏற்றுங்கள்!

கேள்வி: தினமும் சைக்கிளில்தான் அலுவலகம் போகிறேன். பாதி வழியிலேயே தொடை கடுக்கிறது. வயதாகிவிட்டதா, சைக்கிளை மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: வயதை இறக்க முடியாது; சீட்டை ஏற்றலாம். சிக்னலில் இரண்டு காலையும் தரையில் பதித்து நிற்க வசதியாக நம்மில் பலரும் சீட்டைத் தாழ்த்தி வைத்திருக்கிறோம். நிற்கத்தான் சைக்கிள் என்றால் அது சரி. ஓட்டும்போது முழங்கால் போதுமான அளவு நீளாமல், பாரமெல்லாம் தொடையிலும் முட்டியின் முன்பக்கத்திலும் இறங்கும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அதுதான் உயரம். ஓட்டும்போது முன்பாதம்தானே பெடலில் இருக்கும், அப்போது முழங்கால் தானாகவே லேசாக மடங்கும். இடுப்பு இடமும் வலமும் ஆடினால் அதிகமாக ஏற்றிவிட்டீர்கள். 5 மில்லிமீட்டர் இறக்குங்கள். சீட்டு மட்டமாக இருக்கட்டும். அதன் மூக்கு வானத்தைப் பார்த்தால் வலிக்கிற இடத்தை வீட்டில்கூடச் சொல்ல முடியாது.

ஒரே நாளில் சரியாகவில்லையே என்று சலிக்காதீர்கள். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை 5 முறை வென்ற எடி மெர்க்ஸ், பந்தயத்துக்கு நடுவிலேயே சீட்டு உயரத்தை மாற்றிக்கொண்டிருந்தவர்.

ஒன்று மட்டும்: சீட்டுக் கம்பியில் எல்லைக் கோடு இருந்தால், அது வெளியே தெரியுமளவு இழுக்காதீர்கள். கம்பி முறிந்தால் சைக்கிள் மட்டும்தான் அலுவலகம் போகும்.