140-ல் போன மாப்பிள்ளைக்கு மாமன் சொன்னது

எஃப்.ஐ.ஆர். வந்திருக்காமே, மாப்பிளே! நம்ம வம்சத்துல வரப்புத் தகராறுக்குக் கேஸ் வாங்கினவன் உண்டு, கிணத்துத் தகராறுக்கு வாங்கினவன் உண்டு. சீக்கிரமாப் போனதுக்குக் கேஸ் வாங்கின முதல் ஆளு நீதான். உங்க அம்மா ராத்திரியெல்லாம் அழுதிருக்கா. "அழாத தாயி, உன் மவன் பரீட்சையத் தவிர வேற எதுலயும் பின்தங்கினது இல்ல"ன்னு சொல்லித் தேத்தி வெச்சிருக்கேன்.

விஷயத்தை நானும் விசாரிச்சேன். பெங்களூரு–மைசூரு ரோடு. போர்டுல போட்டிருக்கறது 100. அய்யா போனது 140. அங்க 2024 ஆகஸ்ட் 1-லேருந்து 130-ஐத் தாண்டினா வெறும் அபராதச் சீட்டோட விடமாட்டோம், எஃப்.ஐ.ஆர். போடுவோம்னு கர்நாடகா போலீஸ் முன்கூட்டியே பேப்பர்ல எல்லாம் சொல்லிட்டாங்க. 100-க்கும் 130-க்கும் நடுவுல போயிருந்தா ஆயிரம் ரூபாயோட முடிஞ்சிருக்கும். அதாவது முப்பது கிலோமீட்டர் தள்ளுபடி. ஆடித் தள்ளுபடிக்கு அஞ்சு கடை ஏறி இறங்கற குடும்பத்துல பொறந்துட்டு, சும்மா கெடைச்ச தள்ளுபடி பத்தலேன்னு போயிருக்க பாரு, அதான் எனக்கு வருத்தம்.

"யாருக்கு மாமா அடிபட்டுது? ஒரு கோழிகூடச் சாகலியே, அப்புறம் எதுக்குக் கேஸு?"ன்னு கேக்குற. கேள்வி நல்லாத்தான் இருக்கு. நம்ம பக்கம் எருதுவிடும் விழா பாத்தவன்தானே நீ? பர்மிஷன் வாங்காம, தடுப்பும் கட்டாம, சந்தை நாள்ல தெருவுல ஒருத்தன் மாட்டை அவுத்து விடறான்னு வெச்சுக்க. மாடு யாரையும் முட்டாம நேராப் போயி வைக்கப்போருகிட்ட நின்னுடுச்சு. மாட்டுக்காரன் மேல கேஸ் உண்டா, இல்லியா? "எம் மாடு தங்கமான மாடு சார்"னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னா, மாட்டைத் தட்டிக் குடுத்துட்டு உன்னை வண்டியில ஏத்துவாரு.

உம் பேர்ல போட்டிருக்கறது பாரதிய நியாய சன்ஹிதாவுல 281-ஆம் பிரிவு. பொது வழியில அஜாக்கிரதையா, மனுஷ உயிருக்கு ஆபத்து வர்ற மாதிரி, இல்ல காயம் படக்கூடிய மாதிரி வண்டி ஓட்டறதுதான் குத்தம். ரத்தம் வந்தாத்தான் கேஸுன்னு அதுல ஒரு எழுத்துகூட இல்ல. ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்ல ஆயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். ஆளு செத்துட்டா அதுக்கு 106-ஆம் பிரிவு தனியா இருக்கு, அது அஞ்சு வருஷம் வரைக்கும். நீ முதல் வாசப்படியில நிக்கும்போதே கையப் புடிச்சு நிறுத்தியிருக்காங்க. ரெண்டாவது வாசப்படிக்குப் போனதுக்கப்புறம் புடிச்சிருந்தா உனக்குத் திருப்தியா இருந்திருக்குமோ என்னவோ.

வக்கீலு ஒரு தீர்ப்பைத் தூக்கிட்டு வந்து உனக்குத் தைரியம் சொல்லியிருப்பாரே? 1998-ல உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் கர்நாடகா கேஸ்தான்: வேகமாப் போனான்ங்கற ஒண்ணை மட்டும் வெச்சு அஜாக்கிரதைன்னு முடிவு கட்டக்கூடாதுன்னு ஒரு லாரி டிரைவரை விட்டுட்டாங்க. தீர்ப்பு நெசந்தான், நல்ல தீர்ப்பும்கூட. ஆனா அங்க சாட்சி சொன்னவங்க எல்லாம் "படுவேகமா வந்தான்"னு சொன்னாங்களே தவிர, எவ்வளவு வேகம்னு எவனும் சொல்லல. மாட்டு வண்டியில போறவனுக்கு டிராக்டரே படுவேகந்தான். உன் கதை அப்படியா? ஸ்பீடு கன்னு 140-ன்னு சுத்தமா எழுதிக் குடுத்திருக்கு, போட்டோவுல நீ சிரிச்சிக்கிட்டே வேற இருக்க. வக்கீல் பீஸைக் குடுக்கறதுக்கு முன்னால அந்தத் தீர்ப்பை நீயே ஒருக்கா முழுசாப் படி. பெரிய படிப்பு படிச்சவன்தானே.

சரி, வேகத்துல லாபம் உண்டான்னு கணக்குப் பாப்போம். அந்த ரோடு 119 கிலோமீட்டர். 100-ல போனா ஒரு மணி 11 நிமிஷம். 140-ல போனா 51 நிமிஷம். ஆக மிச்சம் 20 நிமிஷம். இத்தனைக்கும் நடுவுல மத்தூர் வந்ததும் பைபாஸ்லேருந்து எறங்கி, ஊருக்குள்ள சுத்தி, மத்தூர் வடை தின்னு, வடையோட செல்ஃபி எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருக்க. எனக்கும் வந்துச்சு. வடைக்கே அரை மணி ஆயிருக்கும். உசுரைப் பணயம் வெச்சுச் சம்பாதிச்ச இருவது நிமிஷத்தையும் தின்னுட்டு, மேல பத்து நிமிஷம் கடனும் வாங்கியிருக்க மாப்பிளே!

காலேஜ்ல பௌதிகம் படிக்கிற நம்ம பேத்தி இன்னொரு கணக்குப் போட்டா. 140-ல ஒரு விநாடிக்கு 39 மீட்டர் போவியாம். நீ ஒரு தும்மல் போட்டுட்டுக் கண்ணைத் தொறக்கறதுக்குள்ள நம்ம தெருவே முடிஞ்சிரும். இன்னும் கேளு. ரெண்டு காரு பக்கத்துல பக்கத்துல போவுது, ஒண்ணு 100-ல, ஒண்ணு 140-ல. ரெண்டும் ஒரே எடத்துல பிரேக் மிதிக்குது. 100-ல வந்தவன் நின்னுட்டான். அவன் நின்ன எடத்தை நீ தாண்டும்போது உன் வேகம் என்ன? பத்தோ இருவதோ இருக்கும்னு நெனைச்சுதான் நானும் கேட்டேன். 98-ங்கறா! ஆச்சரியமா இருக்குன்னு ரெண்டு தடவை போட்டுக் காட்டச் சொன்னேன், ரெண்டு தடவையும் அதே 98. வேகம் ஒண்ணரை மடங்குகூட ஆகல, இடிக்கிற பலம் ஏறக்குறைய ரெண்டு மடங்காயிடுதாம். அவன் எரும மாட்டுக்கு முன்னால நின்னு ஹாரன் அடிச்சிக்கிட்டிருப்பான். நீ எருமையோட சேந்து மைசூரு போயிக்கிட்டிருப்ப.

"ஜெர்மனில லிமிட்டே கிடையாது மாமா"ன்னு ஆரம்பிப்ப. தெரியும். அங்கயும் பாதை முழுக்க அப்படி இல்ல. லிமிட் இல்லாத எடத்துலகூட 130-தான் தக்க வேகம்னு 1978-லேருந்து சொல்லி வெச்சிருக்கான். 130-க்கு மேல போயி விபத்துல மாட்டினா, தப்பு எதிராளி மேல இருந்தாலும் நஷ்டத்துல ஒரு பங்கை உன் தலையில ஏத்த முடியும். பிரிட்டன்காரன் கதை இன்னும் வேடிக்கை. 1959-ல எம்1 ரோட்டைத் தொறந்தப்போ வேகக் கட்டுப்பாடே கிடையாது. 1964-ல பந்தயக் கார் ஒண்ணை விடியக்காலையில அதே ரோட்டுல மணிக்கு 185 மைல்ல ஓட்டிப் பாத்தாங்க, நம்ம கணக்குல 300-ஐ நெருங்குது. ஒரு சட்டத்தையும் மீறல, ஏன்னா சட்டமே இல்ல. அடுத்த வருஷம் டிசம்பர்லயே 70 மைல்னு கட்டிப் போட்டுட்டான். 2018-ல நம்ம மத்திய அரசும் எக்ஸ்பிரஸ்வேயில காருக்கு 120-ன்னு ஏத்துச்சு, 2021-ல சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்துப் பண்ணிச்சு. எந்தப் பக்கம் ஜெயிச்சாலும் உன் 140-க்கு எடமில்ல.

இதெல்லாம் கெடக்கட்டும். தொப்பூர் கணவாய்க்குப் பக்கத்துல பொறந்துட்டு நீ இப்படிப் பேசறதுதான் எனக்குத் தாங்கல. வடக்கேருந்து சேலத்துக்குப் போற லாரி அந்த எறக்கத்துல எறங்கறதைச் சின்ன வயசுலேருந்து பாத்தவன் நீ. டிரைவரு ரெண்டு லிட்டர் டீசல் மிச்சம் புடிக்கலாம்னு கியரை நியூட்ரல்ல தள்ளிட்டு விட்டுடுவான். பாரம் தள்ளும், வேகம் ஏறும், பிரேக்கை மிதிச்சு மிதிச்சு டிரம்மு சூடேறி, கடைசியில மிதிச்சாலும் புடிக்காது. 2020 டிசம்பர்ல அப்படித்தான், முன்னாடி நடந்த ஒரு விபத்தால வரிசையா நின்னுக்கிட்டிருந்த வண்டிங்க மேல சிமெண்டு லாரி ஒண்ணு வந்து ஏறி நாலு பேர் செத்தாங்க. அன்னிக்கு நீ என்ன சொன்ன? "இந்த லாரிக்காரனுங்களை எல்லாம் தூக்கி உள்ள போடணும் மாமா"ன்ன. அவன் மொதலாளிக்கு டீசல் கணக்குச் சொல்லணுமேன்னு செஞ்சான். நீ வடைக்காகச் செஞ்ச. அவனுக்கு ஜெயிலு, உனக்கு மட்டும் ஆயிரம் ரூபாயும் அறிவுரையுமா? லுங்கி கட்டினவன் வேகமாப் போனா ஆபத்து, ஜீன்ஸ் போட்டவன் வேகமாப் போனா திறமை, அப்படித்தானே?

"நான் நல்லா ஓட்டுவேன்"ங்கற. ஒத்துக்கறேன். உன் காருல ஏர்பேக் ஆறு இருக்கு, அதையும் ஒத்துக்கறேன். ஆனா ரோட்டுல நீ மட்டுமா போற? சென்டர் மீடியன்ல செடிக்குத் தண்ணி ஊத்தற பொம்பளைக்கு ஏர்பேக் எங்க இருக்கு? பஞ்சரான டெம்போவுக்குப் பின்னாடி ரெண்டு கல்லையும் ஒரு மரக்கொப்பையும் வெச்சுட்டு ஸ்டெப்னி மாத்தற பையன் என்னத்தைப் போட்டுக்கிட்டு இருக்கான்? அவங்களை எல்லாம் ஒரு வார்த்தை கேட்டுட்டு 140-ல போ, நான் தடுக்கல. ஒவ்வொருத்தரா போன் போட்டு, "அக்கா, இன்னும் பத்து நிமிஷத்துல அந்தப் பக்கமா வர்றேன், வடை ஆறிப் போயிடும், உங்களுக்குச் சம்மதமா?"ன்னு கேளு. யாராவது ஒருத்தி சரின்னு சொன்னா, அந்தக் கேஸை நானே முன்னால நின்னு நடத்தறேன்.

2022-ல நாடு பூரா ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேருன்னு மத்திய அரசு கணக்கு. அதுல நூத்துக்கு எழுவத்தோரு பேரு அதிவேகத்தால செத்தாங்கன்னு எழுதியிருக்கு. எனக்கு அந்தக் கணக்குல கொஞ்சம் சந்தேகம் உண்டு. குழி, வெளக்கு இல்லாத ரோடு, தப்பாப் போட்ட வளைவு, இதையெல்லாம் எழுதினா மேலதிகாரி கோவிச்சுக்குவாரு. "அதிவேகம்"னு எழுதிட்டா செத்தவன் வந்தா மறுக்கப் போறான்? அதனால பாதி பொய்யின்னே வெச்சுக்க. மிச்சப் பாதியே அறுவதாயிரம் பேரு வருது. அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில முதல் எடம் தமிழ்நாட்டுக்கு. பரிசு வாங்க யாரையும் அனுப்பல.

நீ போன ரோட்டையே எடுத்துக்க. 2023 மார்ச்ல தொறந்தாங்க. மே, ஜூன்ல மாசத்துக்கு இருவத்தஞ்சு பேருக்கு மேல செத்தாங்க. ஜூலையில போலீஸ் ஸ்பீடு கன்னைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னாங்க. அந்த மாசமே சாவு ஒத்தை இலக்கத்துக்கு வந்துடுச்சு. பைக்கையும் ஆட்டோவையும் நிறுத்தினது அதுக்கப்புறம் ஆகஸ்ட்லதான். ரோடு அதேதான், வளைவு அதேதான், மாறினது ஜனங்களோட வலது கால் மட்டுந்தான். மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிக்கிறான்னு போலீஸைத் திட்டற இல்ல? எனக்கும் அது புடிக்காது. ஆனா அவன் ஒளிஞ்சு நின்ன மாசம் இருவது குடும்பத்துல எழவு விழல. நிக்கட்டும், மரம் பத்தலேன்னா நம்ம தோட்டத்துலேருந்து ரெண்டு கன்னு குடுக்கறேன்.

எனக்கு இந்தச் சட்டத்து மேல ஒரே ஒரு மனத்தாங்கல், அந்த ஆயிரம் ரூபாய்தான். சந்தைக்குத் தக்காளி ஏத்திப் போற மினி ஆட்டோக்காரனுக்கு ஆயிரம் ரூபாய்னா ரெண்டு நாள் அடுப்பு. உனக்கு ஞாயித்துக்கெழமை பீட்சா. ஃபின்லாந்துல பாரு, அபராதத்தை வருமானத்தை வெச்சுப் போடறான். 2023-ல அங்க ஒரு கோடீஸ்வரன் 50 போட்டிருந்த எடத்துல 82-ல போயிருக்கான். தீட்டினான் பாரு 1,21,000 யூரோ! நம்ம காசுல ஒரு கோடிக்கு மேல. அந்த மாதிரி ஒரு சட்டம் இங்க வந்தா, உன் சம்பளத்துக்கு நீ மைசூருக்கு நடந்தே போவ.

வர்ற வாய்தாவுக்கு வக்கீலை நம்பாம நீயே நேராப் போ. குத்தத்தை ஒத்துக்க, அபராதத்தைக் கட்டு. பஸ்ஸுலயே போ, கார் சாவி உங்க அம்மாகிட்ட இருக்கட்டும். என்னைக் கேட்டா, 120-ல போனவனுக்கு அபராதம் போதும், 140-ல போனவனுக்குக் கேஸ் போட்டது சரி. ஆயிரம் ரூபாய்தான் ரொம்பக் கொறச்சல்.