சட்டத்துக்குள் சாமியாருக்கு என்ன வேலை?

கேள்வி: பாதிரியார்களும் சாமியார்களும் பூசை, ஜெபத்தோடு நிற்காமல் அரசாங்கச் சட்டங்களில் ஏன் தலையிடுகிறார்கள்?
– வாசகர், கோத்தகிரி

பதில்: சட்டம் ஏழைத் தோட்டத் தொழிலாளியின் லயத்துக்குள், அந்த வரிசை வீட்டுக்குள், தலையிடும்போது சாமியார் மட்டும் வாசலிலேயே நிற்க வேண்டுமா? இலங்கையில் 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. பறித்த தேயிலைக்கு நாடு இருந்தது, பறித்தவருக்கு இல்லை. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு போட்டது. மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். உங்கள் ஊர்த் தோட்டங்களில் விசாரியுங்கள், அப்படிக் கப்பலேறி வந்த குடும்பங்கள் இருக்கின்றன.

ஓட்டே இல்லாதவர்களுக்காகப் பேசினால் அரசியல்வாதிக்கு என்ன கிடைக்கும்? அங்கேதான் லாபம் பார்க்காத ஆள் தேவைப்படுகிறார். இயேசு சபைத் துறவி பால் காஸ்பர்ஸ் 1972-இல் கண்டியில் 'சத்யோதய' நிலையத்தைத் தொடங்கினார். தமிழரும் சிங்களரும் அங்கே சேர்ந்து வேலை செய்தார்கள். தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காக அவர் பல பத்தாண்டுகள் எழுதினார், பேசினார். தொழிற்சங்கங்கள் போராடிய போராட்டம் பெரிது, அதை மறக்கக் கூடாது. ஆனால் பாதிக்கப்படாதவர் ஒருவர் பாதிக்கப்பட்டவருக்காக எழுந்து நிற்பது வேறு வகைப் பலம். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-இல்தான் வந்தது.

சொந்தப் பெயரில் வீடோ காணியோ இல்லாமல் லயங்களில் வாழ்கிறவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்காகச் சபை பேசினாலும் சரி, விகாரையோ மடமோ பேசினாலும் சரி, எழுந்து நின்று கைதட்டுவேன்.