யாருக்கும் தெரியாத ஏரி

கொடைக்கானலில் ‘யாருக்கும் தெரியாத இடம்’ எதுவென்று இப்போது ஊருக்கே தெரியும்: மன்னவனூர் ஏரி. அங்கே போனால், மிளகாய்த்தூளும் எலுமிச்சை மூடியுமாகச் சோளக்கதிர் சுடுபவர் நமக்கு முன்பே நிற்கிறார். அவரை முந்தி எதையும் கண்டுபிடித்தவர் இன்னும் பிறக்கவில்லை. பக்கத்தில் ஒரு தம்பி, இங்கே எவ்வளவு அமைதி என்று செல்போனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறார்.

வட்டக்கானல் கதை வேறு. டால்பின் மூக்குப் பாறையில் செல்ஃபிக்கு வரிசை. ரேஷன் கடை தேவலாம்.

பூம்பாறையில், குழந்தை வேலப்பர் கோயில் பக்கம், மலைப்பூண்டைக் கட்டுக்கட்டிக்கொண்டிருந்த பாட்டியிடம் கேட்டேன்: “இங்க பாக்க என்ன இருக்கு பாட்டி?”

“இங்க என்னய்யா இருக்கு? வத்தலக்குண்டு போ. கடைவீதி இருக்கு.”

கொடைக்கானலுக்கு வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே முதல் அது கட்டாயம். புளூடூத் ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.